புலியா, பூவா, கட்டமா? தெருவுக்குக் கொடி வரைவோர் எதைத் தேர்ந்தெடுப்பது

ஆகஸ்டு 22 நெருங்கினால் எனக்குக் கொடிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். 2004 முதல் சென்னை நாள் கொண்டாடப்படுகிறது, நடைப்பயணம், கண்காட்சி, வினாடி வினா என்று எல்லாம் முடிந்தபின் யாராவது ஒருவர், "நம் தெருவுக்கென்று ஒரு கொடி இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிடுகிறார். அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த ஆண்டு மூன்று தரப்பினர் கேட்டார்கள். புரசைவாக்கத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம்: பாதிப் பேர் சோழர் புலி வேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் மஞ்சள் ஆட்டோ. இராயபுரத்தில் கேரம் ஆடும் இளைஞர்கள்: ஒரு நடிகரின் முகத்தைப் போடலாமா என்று கேட்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பள்ளி ஆசிரியை: "மதராஸ் ஒரு தனித் துறைமுக நாடாக இருந்திருந்தால் அதன் கொடி எப்படி இருந்திருக்கும்?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிட்டு, எதைச் சரி என்று சொல்வது எனத் தெரியாமல் நிற்கிறார்.

கொடி என்றாலே அரசனும் படையும் நினைவுக்கு வருவது நம் பழைய வழக்கத்துக்குப் பொருந்தாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் கோயில் வாயிலில் கொடி இருக்கிறது. வாதத்துக்கு அழைக்கும் ஆசிரியர்கள் ஏற்றிய கொடி இருக்கிறது. கப்பலின் பாய்மரத்தில் இருக்கிறது. கள் விற்கும் இடத்திலும் இருக்கிறது. அந்த ஊரில் தொழிலுக்கும் வீதிக்கும் கொடி இருந்தது. ஆகவே தெருவுக்குக் கொடி வேண்டும் என்ற ஆசையை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

## முதலில் அளவுகோல்கள்

எதைப் போடுவது என்று சண்டை போடுவதற்கு முன், எதைக் கொண்டு அளப்பது என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, தொலைவில் தெரிகிறதா? 3 அடி நீளக் கொடியை 30 அடி தள்ளி நின்று பார்ப்பதும், 1.5 அங்குல நீளப் படத்தை 15 அங்குலத் தொலைவில் பிடித்துப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். வரைந்ததை அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். புலியின் மீசை, கோபுரத்தின் சிற்பம், ஆட்டோவின் கண்ணாடி எல்லாம் அந்த இடத்திலேயே மறைந்துவிடும். கொடி எப்போதும் விரிந்து நிற்காது என்பதையும் மறக்கக் கூடாது. காற்றில்லாத பிற்பகலில் கம்பத்தை ஒட்டித் தொங்கும்போது நிறங்கள் மட்டுமே பேசும்.

இரண்டாவது, இதைப் பார்ப்பவர் "இது யாருடையது?" என்று கேட்பாரா? தமிழ்நாட்டில் நிறங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்த கணமே அது கட்சிக் கொடி. சில மாவட்டங்களில் இரு நிறங்கள் சேர்ந்தால் சாதி. விலங்குகளும் அப்படித்தான்: 2024-இல் தமிழக வெற்றிக் கழகத்தின் கொடியில் யானைகள் வந்தபோது, யானையைச் சின்னமாக வைத்திருக்கும் பகுஜன் சமாஜ் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது.

மூன்றாவது, பத்து வயதுப் பிள்ளை பார்க்காமல் வரைய முடியுமா? இதை நான் மற்ற மூன்றையும்விட மேலாக வைக்கிறேன். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் வரையாத கொடி, சங்க அலுவலகத்து அலமாரியைத் தாண்டாது.

நான்காவது, தைப்பதற்கு எவ்வளவு வேலை? இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பணம் அங்கேதான் போகிறது.

## வேந்தர்களின் சின்னங்கள்

புலி, மீன், வில். எல்லோருக்கும் தெரியும், விளக்கம் தேவையில்லை, பார்த்ததும் ஒரு பெருமிதம். இந்த வழியின் பலம் இதுதான். வடிவமும் கைவசம் இருக்கிறது: சோழர் செப்பேட்டு முத்திரைகளில் குடைக்குக் கீழே புலி உட்கார்ந்திருக்கும், அருகில் இரண்டு மீன்கள், ஒரு வில். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழங்காசுகளைப் பார்த்தால், அந்தக் காலத்துக் கைவினைஞன் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் எத்தனை குறைந்த கோடுகளில் உருவத்தைக் கொண்டுவந்திருக்கிறான் என்பது புரியும். கொடி வரைவோருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஆனால் மூன்றையும் ஒன்றாகப் போட்டு "தமிழர் ஒற்றுமை" என்று கீழே எழுதும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த முத்திரையில் மீனும் வில்லும் வந்ததற்குக் காரணம், பாண்டியரையும் சேரரையும் வென்றோம் என்று சோழர் சொல்லிக்கொண்டது. நாம் ஒற்றுமை என்று படிப்பது அங்கே வெற்றி அறிவிப்பு. தெரிந்தே பொருளை மாற்றுகிறோம் என்றால் மாற்றலாம். தெரியாமல் மாற்றக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு இதைவிடப் பெரியது. மூவேந்தரின் சின்னங்களைத் தங்களுடையவை என்று உரிமை கோரும் சமூக அமைப்புகள் பல உண்டு. புலியைக் கட்சிக் கொடியில் வைத்திருப்பவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாயும் புலித்தலையைச் சிவப்புத் துணியில் போட்டால், அது இந்தியாவில் 1992 முதல் தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னமாகவே படிக்கப்படும். புலி வேண்டும் என்றால் முழு உடலோடு, உட்கார்ந்த நிலையில், காசில் இருப்பதுபோல் வரையுங்கள். நிறத்தையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சென்னை நிலம் தொண்டைமண்டலம். பல்லவரின் காளைக்கு இங்கே புலியைவிட மூத்த உரிமை இருக்கிறது. காளை வடிவம் எளிது, திமிலும் கொம்பும் இரண்டே வளைவுகள். எந்தப் பெரிய கட்சியும் அதை இப்போது கொடியில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. பல்லாவரத்திலோ மாமல்லபுரம் போகும் வழியிலோ இருப்பவர்கள் புலியைத் தேடி ஓடுவது எனக்கு வருத்தம் தருகிறது. திருவொற்றியூரில் இருப்பவர்கள் புலி கேட்டால் நான் மறுக்கமாட்டேன். அந்தக் கோயில் முழுக்கச் சோழர் கல்வெட்டுகள்.

## துறைமுகமும் துணியும்

இதுதான் என் மனதுக்கு நெருக்கமான வழி. கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்த நகரம் துணிக்காகப் பிறந்தது. 1639-இல் கிழக்கிந்திய கம்பெனி இந்த மணல்வெளியைத் தேடி வந்தது, இந்தக் கரையில் துணி மலிவாகக் கிடைத்ததால்தான். நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக 1734-இல் ஒரு பேட்டையே உருவானது: சின்னத் தறிப் பேட்டை. இன்று சிந்தாதிரிப்பேட்டை என்று சொல்லும்போது தறி நம் காதில் விழுவதில்லை. இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணி உலகம் முழுவதும் 'மெட்ராஸ்' என்றே அழைக்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் அது சடங்குகளுக்குரிய துணியாக மதிக்கப்பட்டது. துவைத்தால் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும் குறையை, 1950-களில் அமெரிக்காவில் அந்தத் துணியின் அழகு என்றே சொல்லி விற்றார்கள்.

கொடியும் ஒரு துணிதானே. துணியால் பெயர் பெற்ற ஊருக்குத் துணியின் கட்டத்தையே கொடியாக்குவதைவிட இயல்பானது எது? மஞ்சள் நிலம் (பின்னணி), அதில் கருநீலத்தில் இரண்டு குறுக்குப் பட்டை, செம்மண் நிறத்தில் இரண்டு நெடும் பட்டை. இவ்வளவு போதும். எழுத்து வேண்டாம், உருவம் வேண்டாம். தொங்கினாலும் நிறங்கள் தெரியும், தலைகீழாகக் கட்டினாலும் பிழையில்லை.

அதே கட்டம் இந்த ஊரில் வேறு இடங்களிலும் இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் முழுவதும் சதுரங்கக் கட்டம் ஆனது. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரைத் தந்த ஊரும் இதுதான். ஆனால் வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டால் பார்ப்பவர்கள் கார் பந்தயக் கொடி என்பார்கள். மூன்றாவது நிறம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கடலுக்கு வந்தால், கட்டுமரம் இருக்கிறது: நான்கைந்து கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய, ஆங்கிலத்துக்கே பெயர் கொடுத்த படகு. கலங்கரை விளக்கத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதை இருக்கிறது. அந்தக் கப்பல் போய்விட்டது. 'அவன் ஓர் எம்டன்' என்ற பேச்சு மட்டும் நம் தாத்தாக்களின் வாயில் நிலைத்துவிட்டது. கறுத்த கடலின் மேல் ஒரே ஒரு செம்மஞ்சள் சுடர் வரைந்து, "இது எம்டன் இரவு" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆசிரியையின் கேள்விக்கும் பதில் இந்த வழியில்தான். கற்பனைக் கொடி என்றாலும் காலம் பிசகக் கூடாது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். "திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால்?" என்று ஒரு குழு நீலம், வெள்ளை, சிவப்பு போட்டால், அந்த மூவண்ணக் கொடி 1794-இல்தான் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், அதற்கு முன் அவர்களுடையது வெள்ளைக் கொடி. அதேபோல் பிரிட்டனின் கொடியான இன்றைய யூனியன் ஜாக்கில் இருக்கும் சிவப்பு மூலைக்கோடுகள் 1801-க்குப் பிறகே சேர்ந்தவை. கம்பெனியின் கொடி வேறு: சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டைகள், மூலையில் ஒரு சிலுவை. வகுப்பறையில் இது அருமையான பயிற்சி. தெருவில் ஏற்றுவதற்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஆண்டவர்களின் அடையாளத்தை விரும்பி எடுத்துக்கொண்டோம் என்ற பேச்சு வரும், அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது.

## திரையும் மைதானமும்

இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உடனே ஒட்டிக்கொள்ளும், கூட்டம் சேரும். ஆனால் நடிகரின் முகம் கொடிக்கு ஆகாது. சுருக்கினால் அடையாளம் தெரியாது, பிள்ளையால் வரைய முடியாது, அவர் நாளை கட்சி தொடங்கினால் உங்கள் தெருவும் அந்தக் கட்சியாகிவிடும். சட்டமும் இருக்கிறது: 2015-இல் தன் பெயரையும் பாணியையும் ஒரு படத்தில் பயன்படுத்துவதற்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகள் வரை நிற்கிறது. கிரிக்கெட் அணியின் சிங்கச் சின்னம் அணிக்குச் சொந்தம். மஞ்சள் நிறம் யாருக்கும் சொந்தமில்லை. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள், சிங்கத்தை விட்டுவிடுங்கள்.

உரிமையாளர் இல்லாத மக்கள் கலை ஏராளமாக இருக்கிறது. விசில். ஆட்டோவின் மஞ்சளும் கறுப்பும். இராயபுரத்து இளைஞர்களுக்கு நான் கேரம் பலகையையே சொல்வேன். வடசென்னைக்கும் கேரத்துக்கும் உள்ள உறவு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் இந்த ஊர்க்காரர், 2024-இல் மூன்று தங்கம் வென்ற காஸிமா வடசென்னையின் மகள். இளம் பழுப்பு நிலம், நான்கு மூலைகளிலும் கறுப்புக் குழிகள், நடுவில் சிவப்புக் காய். ஒரு நொடியில் புரிந்துவிடும். நான்கு குழிகளை மட்டும் பெரிதாகப் போடுங்கள். இல்லையென்றால் தொலைவிலிருந்து ஜப்பான் கொடிபோல் தெரியும்.

## கோலம்

குறைவாகச் சொன்னாலே போதும் என்ற அளவுக்கு இது வலிமையான வழி. செங்காவி நிலத்தில் வெள்ளைக் கோடு, இரண்டே நிறம். நான்கு பக்கமும் ஒத்த சிக்குக்கோலத்தை எப்படித் திருப்பிக் கட்டினாலும் அதே உருவம். சாதிப் பெயரோ கட்சிப் பெயரோ அதில் இல்லை. ஆனாலும் அது அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் கோலமே குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின் மொழியானது.

வரைபவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: மார்கழிப் போட்டிக்குப் போடுவதுபோல் பெரிய கோலம் போட்டுவிடுவார்கள். கொடிக்கு 3 புள்ளி, 3 வரிசை நேர்ப்புள்ளிக் கோலம் போதும். 3 அடிக் கொடியில் கோட்டின் தடிமன் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வளைகோட்டை வெட்டி ஒட்டித் தைப்பது தையற்காரருக்குப் பெரும் பாடு. ஆகவே இதை அச்சிடுவதே மேல்.

## ஊரின் பெயர்

யாரும் என்னிடம் கேட்காத, நான் எல்லோரிடமும் சொல்லும் வழி இது. உங்கள் ஊரின் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள். சென்னையின் பழைய ஊர்ப்பெயர்கள் பல, ஒரு மரத்தையோ பூவையோ பறவையையோ சுமந்துகொண்டிருக்கின்றன. திருவல்லிக்கேணியில் அல்லி பூத்த கேணி இருக்கிறது. மயிலாப்பூரில் மயில், மயில் வரைவது கடினம் என்றால் தோகையின் ஒற்றைக் கண் போதும், அல்லது கோயிலின் புன்னை. புரசைவாக்கத்தில் புரசு: இலையுதிர்த்து நிற்கும் மரத்தில் தீப்பற்றியதுபோல் பூக்கும் செம்மஞ்சள் பூ. இராயபுரம் இராயப்பரின் பெயர், மீனவராக இருந்து சாவி ஏந்திய திருத்தூதர்.

பலவீனம் என்னவென்றால், கோயிலோடும் தேவாலயத்தோடும் பிணைந்த பெயர்கள் மற்ற மதத்தவரை வெளியே நிறுத்திவிடலாம். பூவையும் மரத்தையும் எடுத்தால் அந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில பெயர்களுக்கு நாலைந்து விளக்கங்கள் இருக்கும். எதை எடுப்பது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு மாலை போய்விடும். போகட்டும், அந்த மாலை வீணில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | தொலைவில் தெரிதல் | உரிமைச் சச்சரவு | பிள்ளை வரைய | தையல் வேலை | எங்கே சிறந்தது |
|---|---|---|---|---|---|
| வேந்தர் சின்னம் | எளிய காசு வடிவமானால் தெரியும் | அதிகம் | கடினம். காளை எளிது | அதிகம் | கல்வெட்டோ கோயிலோ சான்றாக உள்ள ஊர் |
| கட்டம், கடல் | மிக நன்று | மிகக் குறைவு | எளிது | பட்டை மட்டும், குறைவு | நகரம் முழுமைக்கும், வகுப்பறைக்கும் |
| திரை, விளையாட்டு | முகம் தெரியாது; கேரம், விசில் தெரியும் | முகத்துக்கும் சின்னத்துக்கும் உண்டு | பொருளைப் பொறுத்தது | நடுத்தரம் | மன்றம், விளையாட்டுக் குழு |
| கோலம் | கோடு தடித்தால் நன்று | குறைவு | எளிது | அச்சுக்கே ஏற்றது | குடியிருப்பு, பள்ளி |
| ஊர்ப்பெயர் | நன்று | மத அடையாளம் இருந்தால் உண்டு | எளிது | நடுத்தரம் | பழைய பேட்டைகள், தெருக்கள் |

## துணி, அச்சு, கம்பம்

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்கு ஒரு கொடி அச்சிட்டோம். தெருவின் பெயரை நடுவில் பெரிதாக எழுதியிருந்தோம். ஒரு பக்கம் அச்சிட்ட மெல்லிய பாலியஸ்டர் துணி. மறுபக்கத்தில் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தது. இரு பக்கமும் சரியாகப் படிக்க வேண்டுமென்றால் இரண்டு துணிகளை முதுகோடு முதுகு வைத்துத் தைக்க வேண்டும். சவூதி அரேபியக் கொடியை அப்படித்தான் செய்கிறார்கள். எடை கூடும், இலேசான காற்றில் பறக்காது, செலவு இரட்டிப்பாகும். அன்று முதல் கொடியில் எழுத்து வேண்டாம் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சுச் சட்டகம் தனியாகச் செய்ய வேண்டும். ஆறு நிறம் கேட்டால் ஆறு சட்டகத்தின் கூலி. நிறைய கொடிகள் தேவைப்பட்டால்தான் அது கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் நிறத்துக்குக் கூடுதல் கூலி இல்லை, ஆனால் மை மறுபக்கம் முழுதாக இறங்காது. ஒன்றிரண்டு கொடி போதும் என்றால் நிறத்துணி வாங்கித் தைத்துவிடுவதே நல்லது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இரும்பு வளையம் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். பித்தளை வளையம் போடுங்கள். பறக்கும் ஓரத்தை மடித்து மூன்று நான்கு வரிசை தையல் ஓட்டச் சொல்லுங்கள், முதலில் கிழிவது அதுதான். சிவப்பு வெயிலில் வெளுக்கும் என்பதால் அதையே முழு நிலமாக வைக்காதீர்கள்.

சட்டத்தில் மூன்று விஷயம். காவி, வெள்ளை, பச்சை மூன்றையும் கிடையாக அடுக்காதீர்கள், அசோகச் சக்கரத்தைத் தொடாதீர்கள். அரசின் கோபுர முத்திரையைத் தனியார் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. தேசியக் கொடி பறக்கும் இடத்தில் உங்கள் கொடி அதற்கு மேலேயோ பக்கத்தில் இணையாகவோ வரக் கூடாது. கம்பத்தைத் தெருமுனையில் நடவும் வேண்டாம்: 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொது இடங்களில் கட்சிகளும் அமைப்புகளும் நட்ட கொடிக்கம்பங்களை அகற்ற உத்தரவிட்டது. மொட்டைமாடி போதும். துணிக் கொடி எவ்வளவு காலம் வாழ முடியும் என்று பார்க்க விரும்பினால் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1947 ஆகஸ்டு 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏறிய பட்டுக்கொடி அங்கே இருக்கிறது.

## கேட்ட மூவருக்கும்

ஆசிரியைக்கு: எல்லாக் குழுக்களையும் ஒரே வழியில் தள்ளாதீர்கள். ஒரு குழு 1746, ஒரு குழு எம்டன் இரவு, ஒரு குழு கட்டம். ஒவ்வொன்றிலும் ஆண்டு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். அழகைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.

இராயபுரத்து இளைஞர்களுக்கு: நடிகர் வேண்டாம், கேரம் பலகை. அது நீங்கள் ஆடி உண்டாக்கிய பெருமை.

புரசைவாக்கத்துச் சங்கத்துக்கு: புலியையும் ஆட்டோவையும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். புரசம்பூவின் வளைந்த இதழை மூன்றாக அடுக்கிக் கருநீல நிலத்தில் தையுங்கள். சௌகார்பேட்டை போனால் துணி கிடைக்கும். ஆட்டோ கேட்டவர்களுக்காக ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டை வையுங்கள். முதல் கொடியைத் தையற்காரரிடம் கொடுக்கும் முன், உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் ஒரு நிமிடம் காட்டிவிட்டு மறைத்து, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் வரைந்துவிட்டால் துணி வாங்கலாம். இல்லையென்றால் இரண்டு இதழ் போதுமா என்று பாருங்கள்.